அன்று தீ வைத்தனர். இன்று தேர்வு வைக்கின்றனர்!

ஒரு புத்தகத்தை ஒழிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்துவது. மற்றொன்று, அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, உயிரை எடுத்துவிட்டு, எலும்புகளை மட்டும் எண்ணச் சொல்லி மாணவனுக்கு மதிப்பெண் போடுவது. முதல் வழியில் புகை எழும்; ஊர் பார்க்கும்; உலகம் கேட்கும். இரண்டாவது வழியில் புகையும் இல்லை, கூச்சலும் இல்லை. கொல்லப்பட்டது யாருக்கும் தெரியாது. ஆகவேதான், இரண்டாவது வழியிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்கிறோம்.

இந்த இரண்டு வழிகளையும் கண்ட நூல் ஒன்று அமெரிக்காவில் உண்டு. ஜான் ஸ்டைன்பெக் எழுதிய ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ என்னும் நாவல். ‘சினத்தில் கனிந்த திராட்சை’ என்று அதனைத் தமிழில் சொல்லலாம். 1939 ஏப்ரலில் வெளிவந்தது. 1940-ல் புலிட்சர் பரிசு பெற்றது. எழுதியவருக்கு 1962-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அது அந்நாட்டின் பல உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கில வகுப்புக்குப் பாடம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் அதைப் படிக்கின்றனர், கட்டுரை எழுதுகின்றனர், தேர்வு எழுதுகின்றனர்.

தோழர்கள் கேட்கலாம்: ‘அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பாடத்தில் நமக்கு என்ன வழக்கு?’ என்று. வழக்கு உண்டு! அது கூலிக்காரன் கதை. கூலிக்காரன் கதையைக் கூலிக்காரன் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது என்பது எந்த நாட்டிலும் பெரிய கேள்விதான். அந்தக் கேள்விக்கு அமெரிக்கா 80 ஆண்டுகளுக்கு மேலாக அளித்துவரும் விடைகள், உழைப்பவன் ஒவ்வொருவனும் அறிந்துகொள்ளத் தக்கவை.

கதை என்ன? ஒக்லஹோமா மாநிலத்தில் ஜோட் என்றொரு குடும்பம். தலைமுறை தலைமுறையாக உழுத மண். மழை பொய்த்தது, மண் புழுதியாய்ப் பறந்தது, கடன் கழுத்துக்கு ஏறியது. பாங்கியும் நிலக் கம்பெனியும் ‘வெளியேறு’ என்றன. பன்னிரண்டு, பதினான்கு குடும்பங்கள் பாடுபட்ட இடத்தை ஒரு டிராக்டரும் அதை ஓட்டும் ஓர் ஆளும் நிரப்பிவிட்டனர். உழவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் பழமொழி. ஜோட் குடும்பத்துக்கு உழக்கு மட்டுமா மிஞ்சவில்லை? உழுவதற்கு நிலமும் மிஞ்சவில்லை! தட்டுமுட்டுச் சாமான்களைப் பழைய மோட்டார் வண்டியொன்றில் ஏற்றிக்கொண்டு, 66-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டனர். தாத்தா வழியில் மாண்டார். பாட்டி பாலைவனத்தைக் கடக்கும் இரவிலே மாண்டாள். போய்ச் சேர்ந்த இடத்தில் பழம் இருந்தது, பறிக்கக் கைகளும் இருந்தன. கைகளுக்கு உரிய கூலிதான் இல்லை.

இது காற்றிலே கட்டிய கதையன்று. 1936 அக்டோபரில் ‘சான் பிரான்சிஸ்கோ நியூஸ்’ நாளேட்டுக்காகக் குடிபெயர்ந்த பண்ணைத் தொழிலாளரின் முகாம்களைச் சுற்றிப் பார்த்து 7 கட்டுரைகள் எழுதியவர் ஸ்டைன்பெக். அரசாங்க முகாம் ஒன்றின் மேலாளரான டாம் காலின்ஸ் அவருக்கு வழி காட்டினார், குறிப்புகள் தந்தார். கண்ணால் கண்டதைத்தான் அவர் கதையாக்கினார். அந்தக் கதைதான் பண்ணை முதலாளிமாரின் கண்ணை உறுத்தியது.

கலிபோர்னியாவில் கெர்ன் என்றொரு மாவட்டம். பருத்தியும் திராட்சையும் விளையும் பூமி. டாம் காலின்ஸ் நடத்திய ஆர்வின் முகாம் இருந்ததும் அங்கேதான். நாவலில் ஜோட் குடும்பம் வந்து தங்கும் அரசாங்க முகாமும் அதுதான். 1939 ஆகஸ்ட் 21-ஆம் நாள் அம்மாவட்ட ஆட்சிக் குழு கூடியது. 4 வாக்கு ஆதரவு, 1 வாக்கு எதிர்ப்பு. மாவட்டத்தின் நூலகங்களிலும் பள்ளிகளிலும் இந்த நாவல் இருக்கக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது! காரணம் என்ன சொன்னார்கள்? ஆபாசமாம்! கெட்ட வார்த்தைகளாம்!

பசித்த குழந்தை ஆபாசமாகத் தெரியவில்லை. விலை விழக்கூடாது என்று பழத்தை அழுகவிட்டது ஆபாசமாகத் தெரியவில்லை. அதை எழுதிய பேனாதான் ஆபாசமாகத் தெரிந்தது! என்னே அவர்களது ஒழுக்கம்!

அங்கே நடந்த மற்றொன்றையும் தோழர்கள் மறவாமல் மனத்தில் வைக்க வேண்டும். புத்தகத்தைக் கொளுத்துவதுபோல் ஒரு படம் எடுத்தார்கள். பக்கத்தில் நின்றவர் பில் காம்ப் என்னும் பெருநிலக்காரர், பண்ணை முதலாளிமார் சங்கத் தலைவர். கொளுத்தும் கை யாருடையது? பண்ணைத் தொழிலாளி ஒருவனுடையது! அந்தப் புத்தகத்தை அவன் அதுவரை படித்ததில்லை. தன் கதையைத் தன் கையாலேயே கொளுத்தவைத்தார்கள். படிக்காதவன் கையில் தீப்பெட்டியைக் கொடுப்பது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அந்த மாவட்டத்தின் தலைமை நூலகர் கிரெட்சன் நீஃப் என்னும் அம்மையார். சம்பளம் தருகிற ஆட்சிக் குழுவுக்கே அவர் எதிர்ப்புக் கடிதம் எழுதினார். இன்று இந்தப் புத்தகம் என்றால் நாளை எந்தப் புத்தகம் என்று கேட்டார். தடை உடனே நீங்கவில்லை. 1941 சனவரியில்தான் நீங்கியது. ஆயினும் ஒரு பெண்மணி எழுதிய ஒரு கடிதத்தின் நேர்மை, நான்கு பேர் போட்ட வாக்கைவிட நெடுநாள் வாழ்கிறது.

தடை நீங்கிற்று. ஆண்டுகள் பல ஓடின. நாவல் பள்ளிக்குள் நுழைந்தது. அங்கேயும் அதை விரட்டினோர் உண்டு. 1980-ல் அயோவா மாநிலத்துக் கனாவா என்னும் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளி வகுப்புகளில் அதற்குத் தடை போட்டனர். அந்தக் காலம் மலையேறிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 2023-24 பள்ளி ஆண்டில் மட்டும் அமெரிக்க அரசுப் பள்ளிகளில் புத்தகத் தடைகள் 10,000-க்கு மேல் என்று ‘பென் அமெரிக்கா’ என்னும் எழுத்தாளர் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. ஆகவே, இந்த நாவலை வகுப்பில் எடுத்துவைத்து நடத்தும் ஆசிரியர் எவரையும் நாம் குறைத்துப் பேசமாட்டோம். அது வென்றெடுத்த உரிமை. அதை விட்டுக்கொடுப்பதற்கில்லை.

நம் கேள்வி வேறு. உள்ளே நுழைந்த புத்தகத்தை என்ன செய்கிறார்கள்?

மூன்றாம் அத்தியாயத்தில் ஓர் ஆமை சாலையைக் கடக்கிறது. ‘ஆமை எதன் குறியீடு?’ என்பது கேள்வி. ஜிம் கேசி என்றொருவன் வருகிறான். போதகர் தொழிலை விட்டுவிட்டுத் தொழிலாளர் பக்கம் நிற்பவன். ‘அவன் பெயரின் முதலெழுத்துகள் யாரை நினைவூட்டுகின்றன?’ என்பது கேள்வி. ஏசுநாதரை என்பது விடை. இப்படிக் கேள்விக்கு விடை தயாராக வைத்திருக்கும் துணைநூல்கள் கடையில் கிடைக்கின்றன. ‘கிளிஃப்ஸ் நோட்ஸ்’ என்னும் மஞ்சளும் கறுப்புமான துணைநூல் வரிசை தோன்றியது 1958-ல். நாவலைத் தொடாமலே தேர்வில் தேறிவிடலாம்! ஆமை தெரியும், ஏசுநாதர் தெரியும். பீச் பழம் ஒரு பெட்டி பறித்தால் என்ன கூலி என்பது மட்டும் தெரியாது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நூல்களின் கடினத்தை அளக்கக் கணக்கு முறைகள் வைத்திருக்கிறார்கள். வாக்கியம் எவ்வளவு நீளம், சொல் எவ்வளவு அரிது என்று எண்ணிப் பார்த்து, எந்த வகுப்புக்கு ஏற்ற நூல் என்று அவை சொல்லும். ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை அளந்த அந்தக் கணக்கு என்ன சொல்லிற்று தெரியுமா? இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்றதாம்! காரணம், அதில் வருவோர் ஏழைகள். குறுகிய வாக்கியத்தில் எளிய சொல்லில் பேசுகிறவர்கள். 2010-ல் பல மாநிலங்களுக்காக வகுக்கப்பட்ட ‘காமன் கோர்’ பாடத்தர அறிக்கையே இதை எடுத்துக்காட்டி, எண் சொல்வது போதாது, பொருளைப் பார்த்தால் 9, 10-ஆம் வகுப்புக்கு உரியது என்று திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. ஏழையின் பேச்சு சுருக்கமானது. அவன் படும் பாடு சுருக்கமானதன்று. அதை அளக்கும் கோல் எந்தக் கணக்கிலும் இல்லை.

சரி, என்னதான் கேட்க வேண்டும் என்கிறீர்கள்? சொல்கிறோம். நாவலுக்குள்ளேயே கேள்விகள் கிடக்கின்றன. வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை.

முதல் கேள்வி. போகும் வழியில், கலிபோர்னியாவிலிருந்து நொந்து திரும்பும் ஒருவனை ஜோட் குடும்பத்தார் சந்திக்கின்றனர். அவன் ஒரு கணக்குச் சொல்கிறான். முதலாளிக்குத் தேவை 800 ஆள். அவன் அச்சடிப்பது 5,000 துண்டு நோட்டீஸ். அதைப் பார்ப்போர் 20,000 பேர். புறப்பட்டு வந்து சேர்வோர் இரண்டாயிரம், மூவாயிரம். ஏன் இப்படி? மாணவனே, கணக்குப் போடு! 800 பேருக்கு வேலை; 3,000 பேருக்குப் பசி. அப்போது கூலியை முடிவு செய்வது யார்? இந்தக் கேள்விக்கு விடை எழுதத் தெரிந்த பிள்ளை, வாழ்க்கையில் எந்த முதலாளியின் விளம்பரத்தையும் இருமுறை படிப்பான்.

இரண்டாம் கேள்வி. அதே மனிதனின் பிள்ளைகள் பட்டினியால் மாண்டனர். மரண விசாரணை அதிகாரி காகிதத்தில் என்ன எழுதினார்? இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார். பொய்யா? பொய்யில்லை. செத்த எவருக்கும் இதயம் நின்றுதான் இருக்கும்! ஆனால் உண்மையா? அரசாங்கக் காகிதம் ஒன்று பொய் சொல்லாமலே உண்மையை எப்படி மறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல மொழிப்பாடம் எங்கே இருக்கிறது?

மூன்றாம் கேள்வி. ஹூப்பர் பண்ணையில் பீச் பழம் பறிக்கப் போகின்றனர். பெட்டிக்கு 5 சென்ட் கூலி. குடும்பமே குனிந்து நிமிர்ந்து 20 பெட்டி பறிக்கிறது. 1 டாலர்! அந்த டாலரைக் கொண்டு பண்ணைக் கடையிலேயே சாமான் வாங்க வேண்டும். அங்கே விலை வெளியூரைவிட அதிகம். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்கிறான் முதலாளி. வாயிலுக்கு வெளியே கூச்சல் கேட்கிறதே, அது என்ன? வேலைநிறுத்தம் செய்தவர்கள்! கூலியை இரண்டரை சென்ட்டாகக் குறைத்ததால் வெளியேறியவர்கள். அப்படியானால் உள்ளே 5 சென்ட் வாங்கும் ஜோட் குடும்பத்தார் யார்? கருங்காலிகள்! அவர்களுக்கே தெரியாமல் கருங்காலிகள். வேலைநிறுத்தம் முறிந்ததும் அவர்கள் கூலியும் இரண்டரை சென்ட்டுக்கு இறங்குகிறது. சங்கம் எதற்கு என்று மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறோமே, அதை ஒரு பழப்பெட்டியை வைத்தே சொல்லிவிட்டார் ஸ்டைன்பெக்.

‘இலக்கிய வகுப்பை அரசியல் மேடை ஆக்கலாமா?’ என்று சிலர் முகம் சுளிப்பர். அவர்களுக்கு நமது பதில் இது. ஆசிரியர் கோஷம் போட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. புத்தகத்தில் இருப்பதைப் புத்தகத்தில் இருப்பதுபோல் படித்துக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஆமையைப் பற்றியும் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆமை கடக்கும் சாலையில் மனிதரும் கடந்தனர் என்பதை மறைக்காதீர்கள். 30 அத்தியாயங்களில் 16, ஜோட் குடும்பத்தை விட்டு விலகி, நிலம், பாங்கி, டிராக்டர், சந்தை பற்றிப் பேசும் அத்தியாயங்கள். நேரமில்லை என்று அவற்றைத் தள்ளிவிட்டால், மிஞ்சுவது ஒரு குடும்பத்தின் துரதிருஷ்டக் கதை மட்டுமே. துரதிருஷ்டத்துக்குப் பொறுப்பாளி கிடையாது, சுரண்டலுக்கு உண்டு. மாற்றுத் தரப்பும் வேண்டுமா? தாராளமாக! பண்ணைக்காரர் பக்கம் நின்று ரூத் கம்ஃபர்ட் மிட்செல் 1940-ல் வெளியிட்ட ‘ஆஃப் ஹ்யூமன் கைண்ட்னஸ்’ நாவலையும் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகளே எடைபோட்டுப் பார்க்கட்டும். எடைக்கு அஞ்சுபவன்தான் தராசை ஒளிப்பான்.

நூலின் குறைகளையும் வகுப்பு பேச வேண்டும். பெரிய நூல் என்பதால் வணங்கி நிற்பது படிப்பு ஆகாது. ஜோட் குடும்பம் வருமுன்பே கலிபோர்னியாவின் வயல்களில் முதுகு வளைத்தவர் யார்? மெக்சிகோ மக்கள், பிலிப்பைன்ஸ் மக்கள், ஜப்பானியர். 1933-ல் அங்கே பருத்தி வயல்களில் பல ஆயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ மக்கள். நாவலில் அவர்கள் முகம் காண்பது அரிது. வெள்ளையர் பட்டினி கிடந்தபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது என்ற கசப்பான உண்மை அதிலே இருக்கிறது. சனோரா பாப் என்னும் பெண் எழுத்தாளரின் வரலாறும் தெரிய வேண்டும். அவரும் அதே முகாம்களில் உழைத்தவர். அவர் எழுதிவைத்த குறிப்புகள் காலின்ஸ் வழியாக ஸ்டைன்பெக்கிடம் போயின. அவரும் அதே மக்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். ஸ்டைன்பெக்கின் நூல் விற்றுத் தீர்ந்ததைக் கண்டு, பதிப்பகம் அவர் நூலைக் கைவிட்டது. அது அச்சேறியது 2004-ல்! 65 ஆண்டுக் காத்திருப்பு! யார் கதை ஏறுகிறது, யார் கதை பெட்டியில் உறங்குகிறது என்பதும் இலக்கியப் பாடமே.

‘அதெல்லாம் பழங்கதை, இன்று எதற்கு?’ என்பாரும் உண்டு. பழங்கதையா? சட்டப் புத்தகத்தைப் புரட்டுங்கள். சங்கம் அமைக்கும் உரிமையைக் காத்த 1935-ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலுறவுச் சட்டம் பண்ணைத் தொழிலாளரை விலக்கியே எழுதப்பட்டது. குறைந்தபட்சக் கூலியும் வேலை நேரமும் வகுத்த 1938-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. 1966-ல்தான் குறைந்தபட்சக் கூலி அவர்களில் ஒரு பகுதியினருக்கு எட்டியது. குழந்தைத் தொழிலுக்குத் தடை போட்ட அதே நாட்டுச் சட்டத்தில், பண்ணை வேலைக்கு மட்டும், பெற்றோர் ஒப்பினால் 12 வயதுப் பிள்ளையும் பள்ளி நேரம் போக வேலை செய்யலாம் என்ற விலக்கு இன்றும் இருக்கிறது. ஆம்! இந்த நாவலைப் பாடமாகப் படிக்கும் வகுப்பிலேயே, விடுமுறையில் வயலில் குனியும் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். அவனிடம் போய் ஆமையைப் பற்றி மட்டுமா கேட்பது?

அதே கெர்ன் மாவட்டம் நமக்கு இரண்டு நல்ல பாடங்களையும் தந்திருக்கிறது.

ஒன்று, லியோ ஹார்ட் என்னும் மாவட்டக் கல்வி அதிகாரியின் பாடம். ஒக்லஹோமாவிலிருந்து வந்த பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளிகளில் ஏளனம் செய்தனர். ‘ஓக்கி’ என்று இழித்தனர். மக்கு என்று ஒதுக்கினர். நூலுக்கு அங்கே தடை இருந்த 1940-லேயே, ஹார்ட் அந்த அரசாங்க முகாமை ஒட்டி அப்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்தே அதைக் கட்டினர். கணக்கும் மொழியும் படித்த கைகளே செங்கல்லும் அடுக்கின, தோட்டமும் போட்டன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அங்கே ஏடும் இருந்தது, சுரைக்காயும் விளைந்தது! கதையைத் தடை செய்தவர்களால், கதையில் வரும் பிள்ளைகள் தலைநிமிர்வதைத் தடுக்க முடியவில்லை.

மற்றொன்று, டெலானோ. அதுவும் கெர்ன் மாவட்டத்து ஊர். 1965 செப்டம்பர் 8-ல் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கினர். எட்டு நாள் கழித்து சீசர் சாவேஸ் தலைமையிலான மெக்சிகோ மக்களின் சங்கம் உடன் சேர்ந்தது. ஒருவர் வேலைநிறுத்தம் செய்தால் மற்றவரை வைத்து முறிப்பது முதலாளியின் பழைய தந்திரம். இம்முறை அது பலிக்கவில்லை. ஐந்து ஆண்டுப் போராட்டம். நாடெங்கும் மக்கள் திராட்சை வாங்க மறுத்தனர். 1970 சூலையில் தோட்ட முதலாளிமார் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 1975-ல் கலிபோர்னியா மாநிலம் பண்ணைத் தொழிலாளரின் சங்க உரிமைக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. நாவலில் ஜோட் குடும்பத்துக்குத் தாமதமாகப் புரிந்தது, டெலானோ தொழிலாளருக்கு உரிய நேரத்தில் புரிந்தது. நாவலின் கடைசிப் பக்கத்துக்குப் பிறகு வகுப்பு படிக்க வேண்டிய அத்தியாயம் இதுவே.

ஆகவே நாம் சொல்வது இதுதான். ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ வகுப்பில் இருக்கட்டும். அதை வெளியே தள்ள வருவோரை ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து எதிர்த்து நிற்கட்டும். ஆனால் முழுப் புத்தகமாக இருக்கட்டும். துணைநூலாகச் சுருங்க வேண்டாம். குறியீடு இருக்கட்டும், கூலிக் கணக்கும் இருக்கட்டும். தேர்வு இருக்கட்டும், தேர்வுக்குப் பின்னும் மாணவன் மனத்தில் கேள்வி இருக்கட்டும்.

தீயை ஒரு நூலகரின் துணிவு எதிர்த்து நின்றது. மறதியை எதிர்த்து நிற்க வேண்டியது ஆசிரியரின் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேளுங்கள், ஆசிரியப் பெருமக்களே! பெட்டிக்கு எத்தனை சென்ட்? ஏன் அத்தனை சென்ட்? முடிவு செய்தவன் யார்?